ராத்திரி முழிச்சா காலைல கை ஏன் வெட்டுது? தூக்கமும் ஃபிட்ஸும்

எக்ஸாமுக்காக ராத்திரி மூணு மணி வரைக்கும் உக்காந்து படிச்சிட்டு ஆறரைக்கு அலாரம் வச்சு எழுந்திருக்கற பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்கள்ல சிலருக்கு, பல் தேய்க்கும்போது கை திடீர்னு ஒரு வெட்டு வெட்டும், பிரஷ் பறந்து போய் விழும், இல்லன்னா காபி டம்ளர் கையை விட்டுப் போயிடும். நினைவு தப்பாது, ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும். "ராத்திரி பூரா முழிச்சிருந்தா இப்படித்தான், உடம்புல சத்தே இல்ல"ன்னு வீட்ல ரெண்டு திட்டு திட்டிட்டு விட்ருவாங்க. அப்புறம் ஒருநாள் காலைல அதே வெட்டு அடுத்தடுத்து வந்து முழு ஃபிட்ஸா மாறி பையன் கீழ விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

இதுக்குப் பேரு ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி, ஜே.எம்.இ.ன்னு சொல்வாங்க (எபிலெப்ஸின்னா வலிப்பு நோய்). ஜெர்மனி நரம்பியல் டாக்டர் டீட்டர் யான்ட்ஸ் 1957-ல இன்னொருத்தரோட சேர்ந்து இதைப் பத்தி விரிவா எழுதினாரு. பெரும்பாலும் 12லேர்ந்து 18 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வரும், தூக்கம் கெட்ட மறுநாள் எட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம். டாக்டர் தோண்டிக் கேட்டாலொழிய இந்தக் கை வெட்டை யாரும் தானா சொல்றதில்ல, ஏன்னா அதை நோயாவே யாரும் நினைக்கிறதில்ல. இது முக்கியமான விஷயம், ஏன்னா வேற வகை ஃபிட்ஸுக்கு நல்லா கேக்கற கார்பமசெபின் மாதிரி மாத்திரை இந்த வெட்டை அதிகமாக்கிடலாம்.

சரி, தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? முழிச்சிருக்கும்போது மூளை செல்கள் ஒவ்வொண்ணும் அதது வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கும், திருவிழாக் கூட்டத்துல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் போற மாதிரி. தூக்கம் ஆழமாக ஆக, தலாமஸ்னு மூளை நடுவுல இருக்கற பகுதியும் மேல இருக்கற கார்டெக்ஸும் சேர்ந்து ஒரே தாளத்துக்கு வந்துடும், அத்தனை பேரும் தேர் வடத்தைப் பிடிச்ச மாதிரி. ஃபிட்ஸ்ங்கறதே நிறைய செல்கள் ஒரே நேரத்துல தப்பாப் பாயறதுதான், அப்ப ஏற்கெனவே ஒத்துப் போயிருக்கற மூளைல ஒரு சின்னக் கோளாறு கிளம்பினாக் கூட மத்ததையும் ஈஸியா இழுத்துட்டுப் போயிடும். கனவு அதிகமா வர்ற ரெம் தூக்கத்துல இது நேர் எதிர், தாளம் கலைஞ்சிருக்கும், உடம்புத் தசையும் தளர்ந்து கிடக்கும், அதனால ஃபிட்ஸ் ரொம்பக் குறைவு. மூளையோட முன்பக்கத்துலேர்ந்து வர்ற ஃபிட்ஸ் பலதும் ராத்திரி தூக்கத்துலதான் வருது. கால் உதைக்கறது, கத்தறது எல்லாம் பார்த்துட்டு கெட்ட கனவுன்னு வருஷக் கணக்கா நினைச்சுக்கிட்டு இருக்கற குடும்பங்கள் உண்டு.

தூங்காம விட்டா வேற ஒரு கணக்கு. முழிச்சிருக்கற நேரம் கூடக் கூட கார்டெக்ஸ் சூடாகிக்கிட்டே போகுது, அதாவது லேசாத் தூண்டினாலே பதில் சொல்ற நிலைக்கு வருது. மண்டை மேல காந்தச் சுருளை வச்சு மூளையைத் தூண்டிப் பார்க்கற டெஸ்ட்ல, தூக்கம் கெட்ட எபிலெப்ஸி பேஷன்ட்டுங்ககிட்ட இது தெளிவாத் தெரிஞ்சிருக்கு, ஜே.எம்.இ. மாதிரி வகைல இன்னும் அதிகமா. ஆனா எல்லா ஃபிட்ஸுக்கும் இதே அளவுன்னு சொல்லிட முடியாது. அமெரிக்கால 2002-ல வந்த ஒரு ஆய்வுல, ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணிக் கண்காணிச்ச, மூளைல ஒரே இடத்துலேர்ந்து ஃபிட்ஸ் கிளம்பற பேஷன்ட்டுங்களைப் பாதிப் பேரைத் தூங்க விடாம வச்சுப் பார்த்தாங்க, ஃபிட்ஸ் எண்ணிக்கை பெருசா மாறல. அதனால "தூங்கல, அதான் வந்துச்சு"ங்கறது ஜே.எம்.இ.ல பெரும்பாலும் பொருந்தும், ஆனா எந்த வகையா இருந்தாலும் மாத்திரை விட்டுப் போச்சா, காய்ச்சலா, குடியான்னும் பார்க்கணும்.

இதையே வச்சுத்தான் டாக்டருங்க டெஸ்டும் பண்றாங்க. மூளையோட மின் அலையைக் கோடாப் பதியற இ.இ.ஜி. டெஸ்ட் எடுக்க வர்றப்ப "ராத்திரி குழந்தையைத் தூங்க விடாதீங்க"ன்னு சொல்றது அதுக்குத்தான். தலைக்கு எண்ணெய் வைக்காம குளிச்சுட்டு வரச் சொல்வாங்க, பேஸ்ட் தடவி வரிசையா ஒயர் ஒட்டுவாங்க, மூச்சை இழுத்து விடச் சொல்வாங்க, லைட்டை மினுக்கு மினுக்குன்னு அடிப்பாங்க, அப்புறம் தூங்குன்னு விட்ருவாங்க. முழிச்சிருக்கறப்ப சுத்தமா இருந்த கோடு, சிலருக்குக் கண்ணசந்த பிறகு கூர் கூரா எகிற ஆரம்பிக்கும். குழந்தைங்களுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து எச்சில் ஒழுகற ரோலாண்டிக் எபிலெப்ஸில, முழிப்புல எடுத்த இ.இ.ஜி. நார்மலா வந்துட்டுத் தூக்கத்துல மட்டும் ஸ்பைக்கா கொட்டறது சகஜம். அந்த வகை பெரும்பாலும் வயசுக்கு வர்ற பருவத்துல தானா நின்னுடும், பயந்து போயிருக்கற பெத்தவங்களுக்கு இதை முதல்லயே சொல்லிடலாம், ஆனா சொல்றவங்க குறைவு.

இப்ப எதிர்ப்பக்கம். ஃபிட்ஸும் தூக்கத்தைக் கெடுக்கும். டெம்போரல் லோப்ல, அதாவது மூளையோட பக்கவாட்டுப் பகுதில, பகல்ல வர்ற ஃபிட்ஸ் அன்னைக்கு ராத்திரி ரெம் தூக்கத்தையே குறைச்சுடுது. ராத்திரி வந்த ஃபிட்ஸ் பல நேரம் பேஷன்ட்டுக்கே தெரியாது, காலைல நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், படுக்கை நனைஞ்சிருக்கும், அவ்வளவுதான். பயமுறுத்தணும்னு சொல்லல, ஆனா எபிலெப்ஸி உள்ளவங்களுக்கு வர்ற திடீர் மரணம் பெரும்பாலும் ராத்திரி படுக்கைலதான் நடக்குது, குப்புறப் படுத்த நிலைல. பெரியவங்கள்ல வருஷத்துக்கு ஆயிரத்துக்கு ஒருத்தருன்னு கணக்கு சொல்றாங்க. முழு உடம்பும் இழுக்கற ஃபிட்ஸ் ராத்திரில வர்றவங்களுக்கு ஆபத்து கூட, அதே ரூம்ல ஒருத்தர் படுத்தா குறையுது. ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். சாவிக் கொத்தைக் கையில திணிக்கிறதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதிகம் கண்ணுல படாத விஷயம் குறட்டை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற அப்னியா எபிலெப்ஸி உள்ளவங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கு, ராத்திரி முழுக்க அரைகுறைத் தூக்கம். மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பற சிபேப் மெஷின் மாட்டி அதைச் சரி பண்ணினதுல சிலருக்கு ஃபிட்ஸே குறைஞ்சிருக்கு. மாத்திரையும் தூக்கத்துல கை வைக்கும்: லமோட்ரிஜின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், க்ளோபசம் பகல்லயே ஆளை அசத்திடும். தூக்கம் வரலன்னு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் விடாம அடுக்கடுக்கா வர்ற அளவுக்குப் போகலாம். நேரத்தை மாத்தறதா, அளவை மாத்தறதாங்கறதை டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்கப் போறப்ப பக்கத்துல படுக்கறவங்களையும் கூட்டிட்டுப் போங்க, குறட்டையும் ராத்திரி இழுப்பும் அவங்களுக்குத்தான் தெரியும்.