தண்ணீர் நிற்கும் ஊரில் கலைஞர் கனவு இல்லம்: பட்டாவையும் பேஸ்மென்ட்டையும் விட்டுவிடாதீர்கள்

குடிசையில் இருப்பவர்கள் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் தமிழக அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். திட்டம் இவ்வளவுதான். கடலூர், நாகை பக்கம் தகுதியுள்ளவர்களே எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல் பட்டா. அப்பா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும். "உங்க பேர்ல இல்லையேம்மா" என்று ஒன்றிய அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். அது கைக்கு வருவதற்குள் பயனாளிகள் பட்டியல் முடிந்துவிடும். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. அதனால் பட்டியல் வரட்டும் என்று இருக்காதீர்கள். வாரிசுச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், அது வந்ததும் பெயர் மாற்றத்துக்கும் போடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் இருந்தால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. "நான் முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். வேறு இடத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள்.

போன மழையில் கூரை பிய்ந்தது என்று ஒரு பக்கம் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருப்பீர்கள். அதையே காட்டி, இது குடிசை இல்லை என்று பெயரை அடித்துவிடுவார்கள். கணக்கெடுப்புக்கு வரும்போது வீட்டில் ஆள் இருங்கள். கிராம சபையில் பட்டியலைப் படிக்கும்போதும் இருங்கள். பெயர் இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

சரி, பெயர் வந்துவிட்டது. கையில் வேலை உத்தரவு வராமல் குடிசையைப் பிரிக்காதீர்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பிரித்துவிட்டு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாயில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணமும் மொத்தமாக வராது. கட்டக் கட்டத்தான் தவணை தவணையாக ஏறும். பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே வரும் மேடை, அதுவரைக்குமான செலவை முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். கந்து வட்டிக்குப் போகாமல் மகளிர் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் உயரம். எல்லா ஊருக்கும் ஒரே தொகைதான், தண்ணீர் ஏறும் ஊர் என்று கூடுதலாக எதுவும் கிடையாது. கொத்தனார் வழக்கப்படி இரண்டடி பேஸ்மென்ட் எழுப்பிவிட்டுப் போய்விடுவார். இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எதுவரை நின்றது என்று பக்கத்துச் சுவரில் அவருக்குக் காட்டுங்கள். தரை அதற்கு மேலே இருக்க வேண்டும். டைல்ஸ், பூச்சு எல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம், பேஸ்மென்ட்டைப் பிறகு உயர்த்த முடியாது. உள்ளே களிமண் கொட்ட விடாதீர்கள். கிராவலை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பேஸ்மென்ட்டுக்கு மேலே சுற்றிலும் கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் வேண்டும். கழிப்பறைத் தளமும் அதே உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குழித் தண்ணீர் அந்த வழியாகவே மேலே ஏறும்.