ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா?

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு மேடம். அம்மா சும்மா வலிக்குது வலிக்குதுங்கறாங்க.” கூட வந்த மகன் இப்படிச் சொல்லும்போது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கும்பகோணம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். தை, மாசி வந்தால் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். கூடவே இந்த வசனமும் வந்துவிடுகிறது. இந்த வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாகிவிட்டது.

ஸ்கேனில் வலி தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். எம்ஆர்ஐயில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு, நரம்பு, கட்டி தெரியும். தசை எவ்வளவு நேரமாக இறுகிக் கிடக்கிறது, சின்னத் தொடுகையையும் வலியாக உணரும் அளவுக்கு நரம்பு எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்பதைப் படம் பிடித்துக் காட்டும் மெஷின் எங்கள் யாரிடமும் இல்லை. உலக அளவில் வலியை ஆராயும் மருத்துவர்களின் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியது. உடம்பில் காயம் இருந்தாலும், காயம் பட்டதைப் போன்ற உணர்வு மட்டும் இருந்தாலும், இரண்டுமே வலிதான் என்கிறது அது. ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வாழ்க்கையே முடிந்துபோன மாதிரி படுத்துவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. ஆகவே படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமும் இல்லை, படத்தில் இல்லாததால் வலி பொய்யும் இல்லை. இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியாகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைக் காயப்போடச் சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் நெல்லைக் கிளறிவிட்டு, பனிக்குப் பயந்து சாயங்காலம் தார்ப்பாயை மூட வேண்டும். வீட்டில் மாமியார் படுக்கையில். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நகை கூட்டுறவு வங்கியில். மூன்று மாதத்துக்கு மேலாகக் கழுத்து வலி, அது பிடரி வழியாக ஏறித் தலைவலி. நான் தோள்பட்டையில் கை வைத்து இளக்கிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. குழுக்கடன் தவணைக்காரர். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு தோளும் காதை நோக்கி ஏறின. என் விரலுக்கடியில் தசை கட்டையாகிவிட்டது. “இப்ப வலி எப்படி இருக்கு அக்கா?” என்றேன். “சுள்ளுன்னு ஏறுது மேடம்” என்றார். அழைப்பு நின்ற பிறகும் தோள் இறங்கவே இல்லை. அவர் ஒரு நாளில் எத்தனை தடவை இப்படி இறுகுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். இதைச் சும்மா என்று யார் சொல்ல முடியும்?

ஆற்றங்கரை ஒருதரம் உடைப்பெடுத்த ஊரில், காவலுக்கு நிற்பவர் தவளை குதித்தாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மாதக்கணக்கில் கவலையிலும் தூக்கமில்லாமலும் கிடந்த நரம்புகள் அந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. சின்ன பாரமும் பெரிய வலியாகத் தெரியும்.

அடுத்து மாத்திரை. மெடிக்கலில் பேப்பரில் மடித்து வாங்கும் வலி மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயலில் ஒதுங்க இடமில்லை என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள், அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும்? மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டே பழகினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். என்ன மருந்து என்று கேட்காமல் ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுப்பதும் வேண்டாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நான் பார்த்தவரை பலருக்கும் வலியை நீட்டிக்கொண்டே போவது ஒரு பழக்கம். வலி குறைந்த நாளில் மூன்று நாள் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்வார்கள். துணி, மாவு, மாட்டுக் கொட்டகை, எல்லாம் அன்றைக்கே. அப்புறம் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்துங்கள், மோசமான நாளிலும் கொஞ்சமாவது நடங்கள். வேலையில் குனிந்து நிமிர்வது வேறு, தோளைத் தொங்கவிட்டுக் கையை வீசி வாய்க்கால் கரையில் கால் மணி நேரம் நடப்பது வேறு. தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணி, தொப்பென்று விடுங்கள். அடுப்படியிலேயே செய்யலாம். மூச்சை இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுங்கள், காலையும் இரவும் ஐந்து நிமிடம். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள், தசை இன்னும் வலுவிழக்கும்.

வீட்டு ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாமியாருக்கு இரவில் ஒருதரம் எழுந்திருப்பதை நீங்கள் எடுத்துக்கொண்டால், அந்தத் தொடர்ந்த தூக்கம் என் கைவைத்தியத்தைவிட அதிகம் செய்யும். கடன்காரர் போனை நீங்கள் எடுங்கள். இதெல்லாம் சிகிச்சைதான் ஐயா.

மனநல மருத்துவரிடம் அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

எல்லா வலியையும் டென்ஷன் என்று தள்ளவும் கூடாது. நெஞ்சில் அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கை கால் மரத்து வலுவிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது என்றால் அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் ராத்திரி வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், என்னிடம் வருவது அதற்குப் பிறகுதான்.

வரும்போது பழைய ஸ்கேன் கட்டோடு, சாப்பிடும் மாத்திரை அட்டை அத்தனையையும் எடுத்து வாருங்கள். கூட வருபவர், வலி உள்ளவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.