முதலில் சேற்றைக் கழுவிவிட்டு வரட்டும்

பறவை பார்ப்பவர்கள் அனுப்பியதில், இந்த வாரத்தில் இது நான்காவது படம். ‘கால் பச்சை, அதனால் டெமிங்க் உள்ளான்’ என்று குறிப்பு வேறு. படத்தில் நிற்பது கொசு உள்ளான். (இரண்டுமே சேற்றுக் கரைகளில் இரை தேடும், பார்க்க ஒன்றுபோலிருக்கும் சின்னப் பறவைகள்.) காலில் இருப்பது காய்ந்த சேறு.

பறவைப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெமிங்குக்கு மஞ்சளோடிய பச்சைக் கால் என்று கையேட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்கச் சேற்றில் உழலும் பறவையின் கால் எந்த நிறத்தில் இருக்கும்? ஈரச் சேறு பச்சைக் காலைக் கறுப்பாக்கும். காய்ந்த சேறு கறுப்புக் காலை வெளிற வைக்கும். மாலை வெயில் பட்டால் அதில் மஞ்சளும் ஏறும். எதிர்வெயிலில் எல்லாக் காலும் கறுப்புதான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

காலை விடுங்கள், நெஞ்சைப் பாருங்கள். டெமிங்குக்கு நெஞ்சு முழுக்க மங்கிய சாம்பல்பழுப்பு. வெள்ளை வயிறு தொடங்கும் இடத்தில் சட்டென்று நிற்கும். குளிர்காலக் கொசு உள்ளானுக்கு நெஞ்சின் நடு வெள்ளை, ஓரத்தில் மட்டும் சாம்பல். உட்கார்ந்த டெமிங்கின் வால் நுனி இறக்கையைத் தாண்டி நீளும். நடையோ இன்னும் எளிது. திறந்த சேற்றில் கூட்டமாக ஓடி ஓடித் தையல் இயந்திரம் மாதிரி கொத்தினால் கொசு உள்ளான். நன்னீர்க் கரையில், புல்லோரமாக, காலை மடக்கி எலிபோல் ஊர்ந்தால் டெமிங்க். கிளம்பும்போது கொசு உள்ளான் ‘டிட்’ என்னும். டெமிங்க் ‘டிர்ர்ர்’ என்று இழுக்கும்.

(இரண்டையும் 1812இல் தனித்தனி இனங்களாக விவரித்தவர் லெய்ஸ்லர் என்ற ஒரே ஆள். அவரிடம் ஜூம் லென்ஸ் இல்லை.)

டெமிங்குக்கு வால் ஓரம் வெள்ளை. அதைப் பார்க்கக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். இருபது முப்பது கிராம் எடையுள்ள பறவை அது. வடதுருவப் பக்கம் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் படத்துக்காக அதைச் செலவழிக்க வைக்காதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், அதுவே இறகு கோதி வாலை விரிக்கக்கூடும்.

அப்போதும் புரியவில்லையா? ‘சிறு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று பதியுங்கள். அப்படிப் பதிந்தவர் யாரையும் நான் இதுவரை திட்டியதில்லை.