சந்தேகம் தீரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டுமா?

"இவள் சொல்வது உண்மையா இல்லையா என்று நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்." தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலைப் பற்றி வாய்திறந்த குழந்தையை அழைத்துவரும் பெற்றோர் பலர் என்னிடம் வைக்கும் முதல் கோரிக்கை இது. நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி வேறு. இன்றிரவு குழந்தை எங்கே தூங்கப் போகிறது? அந்த நபர் அதே வீட்டில்தான் இருக்கிறாரா?

சிலருக்குக் கோபம் வரும். "இன்னும் எதுவுமே உறுதியாகவில்லை, அதற்குள் அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களே" என்பார்கள். குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்க விசாரணை அதிகாரிகளும் நீதிமன்றமும் இருக்கிறார்கள். அவர்கள் முடிவுக்கு வர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை குழந்தை அந்த வீட்டில்தான் வளர வேண்டும். நூறு சதவீதம் நம்பிக்கை வந்த பிறகுதான் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பேன் என்ற பிடிவாதம், வெளிப்படையான மறுப்பைவிட அதிகக் கெடுதல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக நம்புகிற ஒரு தாயாலும் அறைக் கதவைப் பூட்ட முடியும், அந்த நபரோடு குழந்தையைத் தனியே அனுப்ப மறுக்க முடியும்.

முகத்துக்கு நேரே "நீ பொய் சொல்கிறாய்" என்று சொல்லும் குடும்பங்கள் குறைவு. பெரும்பாலும் மறுப்பு சாந்தமான குரலில்தான் பேசும். "விளையாட்டாகத் தொட்டிருப்பார், குழந்தை தப்பாக எடுத்துக்கொண்டிருக்கும்." "ஏதோ கெட்ட கனவு." "நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் நடக்காது என்று சத்தியம் செய்திருக்கிறார்." "வெளியே தெரிந்தால் நாளைக்கு இவள் வாழ்க்கைதானே போகும்?" கடைசி வாக்கியத்தைச் சொல்பவர்கள் உள்ளுக்குள் நம்பிவிட்டவர்கள். நம்பியதற்கான விலையைக் கொடுக்கத்தான் அவர்களால் முடியவில்லை.

அந்த விலை பெரியது. குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர். அப்பா, சித்தப்பா, மாமா, தாத்தா, அண்ணன், குடும்பமே மதிக்கும் ஆசிரியர். குழந்தையை நம்பினால் ஒரு திருமணம் உடையலாம், வருமானம் நிற்கலாம், உடன்பிறந்தவர்கள் முகம் பார்க்காமல் போகலாம். அதற்கும் மேலே, "என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே" என்ற குற்ற உணர்ச்சி. நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் இவை எல்லாமே ஒரே நொடியில் தீர்ந்துவிடும். அந்தத் தீர்வை மனம் பற்றிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அதன் பாரம் முழுக்கக் குழந்தையின் தலையில் இறங்குகிறது என்பதுதான் சிக்கல்.

எங்கள் மனநலத் துறையே இந்த மறுப்புக்கு விலக்கல்ல. தன்னிடம் வந்த நோயாளிகளின் துன்பத்துக்குக் குழந்தைப் பருவப் பாலியல் அத்துமீறலே வேர் என்று 1896-இல் அறிவித்த, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட், 1897 செப்டம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கோட்பாட்டில் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, அப்படியானால் தந்தையர் எல்லோர்மீதும் பழி விழுமே என்பது. படித்த மேதையே தயங்கிய இடத்தில் ஒரு பாட்டி தயங்குவதைக் கண்டு நான் அதிகம் கோபப்படுவதில்லை. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு ஒத்துழைக்கவும் மாட்டேன்.

குடும்பங்கள் நம்ப மறுப்பதற்குச் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். "அப்படி நடந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே?" அன்றைக்கே சொல்லும் குழந்தைகள்தான் அரிது. மிரட்டல் ஒரு காரணம். செல்லம் கொடுத்து, பரிசு கொடுத்து, "இது நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்" என்று குழந்தையைக் கூட்டாளி ஆக்கிவிடுவது அதைவிட வலுவான காரணம். "அவர் வந்தால் ஓடிப்போய் மடியில் உட்காருவானே?" உட்காருவான். அதே ஆள் அவனுக்குக் கதை சொல்பவராகவும் இருப்பார். ஒருவரிடம் பாசத்தையும் பயத்தையும் ஒன்றாக வைத்திருக்கக் குழந்தையால் முடியும். "ஏன் கத்தவில்லை?" பயத்தில் உடல் விறைத்துப்போவது பெரியவர்களுக்கே நடக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-இல் இந்த நடத்தைகளைத் தொகுத்து எழுதினார். ரகசியம், கையறுநிலை, அதற்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளுதல், தாமதமாகவும் தடுமாற்றமாகவும் சொல்லுதல், பிறகு சொன்னதைத் திரும்பப் பெறுதல். இந்தத் தொகுப்பு, அத்துமீறல் நடந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கும் கருவி அல்ல. பெரியவர்கள் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் நடத்தைகள் உண்மை சொல்லும் குழந்தைகளிடமும் இருக்கும் என்பதை அது காட்டியது, அவ்வளவுதான்.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமே இல்லையாம்" என்ற செய்தியோடு வீட்டில் கோப்பு மூடப்பட்டுவிடும். அத்துமீறலுக்கு ஆளாகியிருக்கலாம் என்று பரிசோதிக்கப்பட்ட 2384 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. உடலில் அசாதாரண அடையாளம் தென்பட்டது சுமார் 4 சதவீதத்தினருக்கு மட்டும். பல அத்துமீறல்கள் காயமே ஏற்படுத்துவதில்லை. ஏற்பட்ட காயமும் விரைவில் ஆறிவிடும். 'இயல்பாக இருக்கிறது' என்ற அறிக்கை நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. அதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்கவும் கூடாது. அண்மையில் நடந்திருந்தால் மணிக்கணக்கு முக்கியம்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முன்னதாகத் தொடங்க வேண்டும். தடயங்கள் கிடைக்கும் வாய்ப்பும் நேரம் செல்லச் செல்லக் குறையும்.

இப்போது, குடும்பங்கள் தங்களுக்குக் கிடைத்த வெற்றியாக நினைக்கும் கட்டம். சில நாட்கள் கழித்துக் குழந்தையே வந்து, "நான் சும்மா சொன்னேன்" என்கிறது. வீடு பெருமூச்சு விடுகிறது. அமெரிக்காவில் 257 வழக்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், 23 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். யார் அப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள்: சிறு குழந்தைகள், பெற்றோர் இடத்தில் இருந்த ஒருவரால் பாதிக்கப்பட்டவர்கள், குற்றத்தில் பங்கில்லாத மற்ற பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்கள். குழந்தை வீட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா அழுகிறாள், பாட்டி சாப்பிடுவதில்லை, அண்ணன் பேசுவதில்லை. தான் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் இவ்வளவும் என்று அதற்குப் புரிகிறது. தன்னால் சரிசெய்ய முடிந்த ஒரே வழியில் சரிசெய்கிறது. குழந்தை மறுத்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய வாரம் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்றுதான் கேட்பேன்.

குழந்தைகள் தாமாக இட்டுக்கட்டுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அரிது. அதைப் பிரித்தறியப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் "என்ன நடந்தது, சொல்லு" என்று திறந்த கேள்விகளையே கேட்பார்கள். வீட்டில் நடப்பதோ குறுக்கு விசாரணை. ஆளாளுக்கு ஒருமுறை சொல்லவைப்பது, "இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா?" என்று வார்த்தையை வாயில் திணிப்பது, முந்தாநாள் வேறு மாதிரி சொன்னாயே என்று மடக்குவது. இவற்றால் குழந்தையும் நொறுங்கும், பின்னர் விசாரணையில் அதன் வாக்குமூலமும் பலவீனமாகும். எல்லாவற்றிலும் மோசமானது, அந்த நபரையும் குழந்தையையும் எதிரெதிரே நிறுத்தி, "இப்போது அவர் முன்னாலேயே சொல்லு பார்க்கலாம்" என்பது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள், யார் வற்புறுத்தினாலும்.

குழந்தை சொன்னதைக் கேட்டவர் அதன் சொற்களிலேயே தேதியோடு எழுதிவைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். "என்னிடம் சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை. இனி பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை." இவ்வளவு போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. பல நாடுகளில் தகவல் தெரிந்தவர் அதிகாரிகளிடம் தெரிவிக்கச் சட்டப்படியே கடமைப்பட்டவர். எப்படித் தெரிவிப்பது என்பதைக் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாலே சொல்வார்கள்.

பெரும்பாலான வீடுகளில் நம்புகிறவர் ஒருவர்தான் இருப்பார். ஒரு சித்தி, ஒரு அக்கா, புகுந்த வீட்டில் தனியாக நிற்கும் அம்மா. அவர்கள் தங்கள் சக்தி முழுவதையும் மற்றவர்களை நம்பவைப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். இரவெல்லாம் வாக்குவாதம்; அடுத்த அறையில் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும். எல்லோரையும் நம்பவைக்கத் தேவையில்லை. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் குழந்தையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போதும். "நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இவளிடம் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. அவர் வரும் இடத்துக்கு இவள் வரமாட்டாள்." இதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் மறுபடி வாதம்தான். திரும்பத் திரும்ப அதே வாக்கியத்தை, அதே குரலில் சொல்லுங்கள். குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பட்டம் வரும். அது குழந்தையின் தலையில் விழாமல் உங்கள்மீது விழுவது எவ்வளவோ மேல். உங்களுக்கென்று வெளியே ஒரு ஆலோசகரோ நண்பரோ இருக்கட்டும். குழந்தையிடம் போய் உங்கள் பாரத்தை இறக்கிவைக்காதீர்கள்.

முதலில் மறுத்த தாயை வில்லியாக்கி விலக்குவது பலமுறை வீண். நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் இடையே வாரத்துக்கு ஒருமுறை ஊசலாடும் தாய்மார்கள் உண்டு. முதல் நாள் கன்னத்தில் அறைந்தவர், இரண்டு மாதம் கழித்துக் காவல் நிலையத்துக்குத் துணையாக வந்ததும் உண்டு. அப்படித் திரும்பி வரும்போது விளக்கங்கள் வேண்டாம். "அன்றைக்கு நான் உன்னை நம்பாதது என் தப்பு" என்று குழந்தையிடம் ஒருமுறை தெளிவாகச் சொன்னால் அது வேலை செய்யும். "எனக்கு என்ன தெரியும், நீ சரியாகச் சொல்லியிருந்தால்..." என்று நீட்டினால் செய்யாது.

சிறு வயதில் சொல்லி, நம்பப்படாமல் வளர்ந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். குடும்பம் ஒப்புக்கொண்டால்தான் குணமாவேன் என்று உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒப்புதல் வராமலேயே நலமானவர்கள் இருக்கிறார்கள். மீண்டும் பேச்சை எடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம், அவசரமே இல்லை. அவசரமான கேள்வி ஒன்றே ஒன்று: அந்த நபரின் அருகில் இன்று வேறு குழந்தைகள் இருக்கிறார்களா? இருந்தால், அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடமோ குழந்தைகள் நல அதிகாரிகளிடமோ சொல்லலாம். அதற்கு உங்கள் குடும்பம் உங்களை நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை.