வில் கவ்வும், தந்தி நழுவும்

“மார்ட்டின் ஹேய்ஸின் ஐரிஷ் ஃபிடில் வழவழவென்று போகிறது. டாமி பீப்பிள்ஸ் வாசித்தால் நடுநடுவே ‘கிர்ர்’ என்று ஓர் உரசல். இரண்டும் ஒரே கருவிதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூர்மையான காது அவருக்கு.

கருவி ஒன்றுதான். ஃபிடில் என்பதும் வயலின்தான். ஹேய்ஸ், அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேர் பகுதிக்காரர். அப்பா பி. ஜே. ஹேய்ஸ் நடத்திய டல்லா கெய்லி குழுவில் வாசித்து வளர்ந்தவர். நடனத்துக்கு வாசிக்கும் குழு அது. பல ஃபிடில்களும் புல்லாங்குழலும் அக்கார்டியனும் சேர்ந்து முழங்கும்போது, யாருடைய வில் எங்கே திரும்பியது என்று தெரியாது. 1993இல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. அதில் பக்கத்துணை ராண்டல் பேஸின் கிட்டார். வில் தந்தியைத் தொடும் விதம் இப்போது தெளிவாகக் காதில் விழுகிறது.

சரி, தொடும்போது என்ன நடக்கிறது? கனமான பீரோவைத் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது, அசைந்துவிட்டால் சட்டென்று வழுக்கும். வில்லின் குதிரைமுடியில் தேய்த்த ரோசின் என்னும் பிசின் அப்படித்தான் தந்தியைக் கவ்வி இழுக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.

எப்போது விடுவது என்பதை வில் தீர்மானிப்பதில்லை, தந்தி தீர்மானிக்கிறது. எனக்குச் சலிக்கவே சலிக்காத இடம் இது. 1860களில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தியில் ஒரு மாவுத்துகளை ஒட்டி, இசைக்கவையில் பொருத்திய லென்ஸ் வழியாக அதன் அசைவைக் கவனித்தார். வாசிக்கும் தந்தி நம் கண்ணுக்கு நடுவில் உப்பிய நாடா போலத் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகள்தான். அவை சந்திக்கும் மூலை, தந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்புகிறது. குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை, நோக்கிப் போகும் மூலை வில்லைக் கடக்கும்போது தந்தி பிடியிலிருந்து நழுவுகிறது, குதிரையில் மோதித் திரும்பி வந்ததும் மறுபடி சிக்கிக்கொள்கிறது. 440 ஹெர்ட்ஸ் தந்தியில் நொடிக்கு 440 சுற்று; மூலையின் வேகம் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்! குதிரையிலிருந்து தந்தி நீளத்தில் பத்தில் ஒரு பங்குத் தொலைவில் வில்லை வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒட்டியிருக்கும், ஒரு பங்கு நேரம் வழுக்கும்.

இதன் கணக்கை விரிவாகப் போட்டு 1918இல் வெளியிட்டவர் நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். அப்புறம் கல்கத்தாவில் ஓர் இயந்திரம் கட்டி வயலினை வாசிக்க வைத்தார். வில்லைக் குதிரைக்கு அருகே கொண்டுபோகப் போக அழுத்தம் வெகுவாகக் கூட வேண்டும் என்று அளந்து காட்டினார். இதனால் என்ன லாபம் என்று கேட்டுக் கேட்டு நிதி ஒதுக்கும் இன்றைய முறையில் இந்த ஆய்வுக்குப் பணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அந்த முறை தவறு என்பதே என் கருத்து. பிரேக் கிறீச்சிடுவதும் நிலநடுக்கத்தில் பாறைகள் நகர்வதும் இதே ஒட்டல்-நழுவலால்தான்.

இப்போது அந்த ‘கிர்ர்’. மூலையின் ஓட்டம் வில் பட்டதுமே சீராகிவிடாது. முதலில் தந்தி ஒழுங்கில்லாமல் பல தடவை நழுவும். இந்தத் தடுமாற்றம் சுமார் 50 மில்லிநொடிக்குள் முடிந்துவிட்டால் நம் காது பொறுத்துக்கொள்ளும். நீண்டால் கீறலாகக் கேட்கும். அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டோனகல் பகுதியின் பாணியில் வளர்ந்த பீப்பிள்ஸுக்குப் பேர்போன அலங்காரம் ‘டிரெபிள்’. ஒரே சுரத்தில் வில்லை மேலும் கீழுமாக மூன்று தடவை வெட்டுவது. வேகமான ரீல் நடனப் பாட்டில் ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 70 மில்லிநொடிதான் கிடைக்கும், அதாவது 440 ஹெர்ட்ஸில் முப்பது சுற்று. அதையும் அழுத்தி வெட்டுவதால் மூலை நிலைகொள்வதற்குள் வில் திசை மாறிவிடும். சுரம் பாதி, தட்டல் பாதி. ஆடுபவர்களின் காலுக்கு அந்தத் தட்டல்தான் வேண்டும்.

ஹேய்ஸின் கிளேர் பாணி நிதானமானது. ஒரே வில் வீச்சில் பல சுரங்களைக் கோத்துவிடுவார். அலங்காரம் பெரும்பாலும் இடது கை விரல்களில். விரல் மாறினாலும் வில் நிற்பதில்லை, அதனால் மூலை ஓடிக்கொண்டே புதிய நீளத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வாசகர் கேட்ட வழவழப்பு இதுதான். அந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டால், வில் திரும்பும் இடங்களில் மட்டும் மெல்லிய உரசல் பிடிபடும்.