எலிங்டனின் பியானோவை மறைத்தது எது?

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டியூக் எலிங்டன் என்றாலே அவர் நடத்திய பெரிய வாத்தியக் குழுதான் நினைவுக்கு வரும். ட்ரம்பெட், டிராம்போன், சாக்சபோன் என்று பதினைந்து பேர் அளவுக்கு நிறைந்த அந்தக் குழுவின் பதிவுகளில் அவருடைய பியானோவைக் காது தேடித்தான் பிடிக்க வேண்டும். 1962 செப்டம்பர் 17 அன்று, டபுள் பாஸ் என்னும் கனத்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியத்துக்கு சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸுக்கு மேக்ஸ் ரோச் என இருவரை மட்டும் வைத்துக்கொண்டு நியூயார்க்கில் 'மணி ஜங்கிள்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதை முதலில் கேட்டபோது திகைத்துப்போனேன். இவ்வளவு முரட்டுத்தனமான விரல்கள் இத்தனை நாள் எங்கே இருந்தன?

நம் உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளச் சவ்வு ஒன்று உண்டு. வாசல் பக்கம் அது விறைப்பாக இருக்கும். உயர்ந்த சுரங்கள் அங்கே பதியும். உள்கோடி தளர்வானது, கனத்த ஒலிகளுக்கு அதுதான் இடம். அலை வாசல் வழியே நுழைவதால், கனத்த ஒலி தன் இடத்துக்குப் போகிற வழியில் உயர்ந்த சுரங்களின் இடத்தையும் ஆட்டிவிட்டே போகிறது. டிராம்போன்கள் முழங்கும்போது மெல்லிய மேல்சுரங்கள் அமுங்கிப்போவது இதனால்தான். இந்த அலையோட்டத்தைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

பியானோவுக்கு இன்னொரு சிக்கல். சுத்தி தந்தியை அடித்த கணத்தில்தான் முழு பலம், அப்புறம் தேய்வுதான். ஊதுபவருக்கோ மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும். பெரிய குழுவில் பியானோவின் தேயும் பகுதி மூழ்கிவிடும்.

மூவர் குழுவிலும் பாஸ் ஒரு போட்டியாளர்தான். அதன் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், பியானோ 27.5 வரை இறங்கும். கீழ் ஸ்தாயியில் நெருங்கிய சுரங்களைக் காக்ளியா பிரிக்கத் தடுமாறும். 262, 330 ஹெர்ட்ஸ் சேர்ந்தால் இனிமை. அதே இடைவெளியை இரண்டு ஸ்தாயி கீழே, 65, 82 என்று வாசித்தால் உறுமல். அதனால் அடிச்சுரத்தைப் பாஸ்காரரிடம் விட்டுவிட்டு மேலே ஏறிக்கொள்வது பியானோக்காரர்களின் வழக்கம்.

இசைத்தட்டின் பெயரையே கொண்ட பாடலில் மிங்கஸ் தந்தியைப் பிடித்து இழுக்க, எலிங்டன் ஒட்டிய சுரங்களைச் சேர்த்து அடித்து அந்த உரசலையே வேண்டி வரவழைக்கிறார். 'ஃப்ளூரெட் ஆஃப்ரிகேன்' வேறு உலகம். பாஸ் சிறகடிக்கிறது, டிரம்ஸ் அடங்கி நிற்கிறது. அதற்கு மேலே பியானோ ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல வைக்கிறது. அது அணையும்வரை நம் காது கூடவே போகிறது.