எந்நேரமும் கம்ப்யூட்டரில் இருக்கும் பிள்ளைக்கு எச்2 கணிதம் எதற்கு?

மார்ச் முதல் வாரம் எனக்குப் பிடிக்காத வாரம். சிங்கப்பூரில் ஏ-லெவல் எனப்படும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியில் வரும். பல்கலைக்கழக விண்ணப்பம் மார்ச் மூன்றாம் வார வாக்கில் மூடிவிடும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில நாளில்தான், இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியோடு பெற்றோர்கள் வருவார்கள். அந்தத் தேர்வை எழுதும் தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்வது என் வேலை.

இந்த முறையும் அதே கதை. பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஐடி ஆசை. முதலாண்டு முடிவில் கணிதத்தை எச்2-விலிருந்து (முழு அளவுப் பாடம்) எச்1-க்கு (அதில் பாதி அளவு) இறக்கிவிட்டான். வேதியியல், உயிரியல், பொருளியல் மூன்றும் எச்2. தேர்ச்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவன் கேட்ட படிப்புக்கு விண்ணப்பத் தகுதியே இல்லை. "ஐடிக்குத்தானே சார் போகப் போறான், கணக்கு வாத்தியார் வேலைக்கா?" என்று அம்மா கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பையன் தேர்ச்சித் தாளை மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தான்.

போதும் என்றாகிவிட்டது. கொஞ்சம் விலாவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் ஐடிக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் முறை விசித்திரமானது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறானா, தாத்தாவின் கைப்பேசியைச் சரிசெய்து கொடுக்கிறாளா, வைஃபை போனால் ரவுட்டரை அணைத்துப் போடத் தெரிகிறதா? சரி, ஐடிதான். தினமும் எம்ஆர்டியில் போகிறவர்களெல்லாம் ரயில் பொறியாளர் ஆகிவிடுவதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கணினி அறிவியல் பட்டப்படிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) அது நான்கு ஆண்டு, 160 யூனிட் படிப்பு. தொடக்கத்திலேயே தர்க்கம், கணங்கள், நிரூபண முறைகள் என்று ஒரு முழுப் பாடம் உண்டு. அதோடு நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல். இவையெல்லாம் விருப்பப் பாடங்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கட்டாயம். முதல் நிரலாக்கப் பாடத்திலும் விளையாட்டு உருவாக்கச் சொல்லித்தர மாட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சார்பு (ஃபங்ஷன்) தன்னையே அழைத்தால் என்ன ஆகும் என்பதில் தொடங்குவார்கள். கேமிங் கணினியைத் தானே பாகம் சேர்த்துப் பூட்டிய அனுபவம் அங்கே கைகொடுக்காது.

"அதெல்லாம் பரீட்சைக்கு, வேலைக்கு வேண்டியதில்லை" என்று சொல்கிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். வங்கிச் செயலியில் நீங்கள் அனுப்பும் பணத்தைக் காக்கும் மறையீட்டுக்கு (என்கிரிப்ஷன்) அடியில் எண் கோட்பாடுதான் இருக்கிறது. திரையில் உருவம் திரும்புவது அணிகளாலும் திசையன்களாலும். இன்று எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவின் பயிற்சி, நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் சேர்ந்த கலவை. இப்போது எச்1 கணிதப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் திசையன் இல்லை, கலப்பெண் இல்லை, வகைக்கெழுச் சமன்பாடு இல்லை. பல்கலைக்கழகம் எச்2 நிலையைக் கேட்பது உங்கள் பிள்ளையை வடிகட்டுவதற்காக மட்டும் அல்ல. அந்த அடித்தளம் இல்லாமல் முதல் பருவத்திலேயே திணறுவான் என்பதற்காகவும்தான்.

இதற்கு நேர் எதிரான பயமும் ஒன்று உண்டு. "பள்ளியில் கம்ப்யூட்டிங் பாடம் எடுக்கவில்லையே, சேர முடியுமா?" முடியும். எச்2 கம்ப்யூட்டிங் எல்லாத் தொடக்கக்கல்லூரிகளிலும் கிடையாது. அதைக் கட்டாயமாக்கினால் வகுப்பில் பாதி இடம் காலியாகத்தான் கிடக்கும். நிரலாக்கத்தை அவர்கள் முதலிலிருந்து சொல்லித்தருகிறார்கள். கணிதத்தை அப்படிச் சொல்லித்தருவதில்லை.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புது மதிப்பெண் முறை இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. 2026 சேர்க்கையிலிருந்து உச்ச மதிப்பெண் 90 இல்லை, 70. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு (ஆங்கிலத்தில் எழுதும் ஜிபி) 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டும் கணக்கில் சேரும். தமிழில் நல்ல தேர்ச்சி வைத்திருப்பவர்களுக்கு இது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். கணிதத்தை எச்1 ஆக்கி நான்காவது இடத்தில் தள்ளிவிட்டால் மொத்தம் குறையாது, பிறகென்ன கவலை? மொத்தம் குறையாதுதான். ஆனால் மொத்த மதிப்பெண் வேறு, பாடத் தகுதி வேறு. 70-க்கு 70 வாங்கினாலும், கேட்ட பாடம் கேட்ட நிலையில் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது, ஆகவே இடம் கிடைக்கும் என்பதும் தப்புக் கணக்கு. ஒவ்வொரு படிப்புக்கும் சென்ற ஆண்டு இடம் பெற்றவர்களின் தேர்ச்சி நிலவரத்தைப் பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன. அவர்களை வரிசையாக நிறுத்தி, கடைசியிலிருந்து பத்து விழுக்காட்டில் நிற்பவரின் தேர்ச்சியை அதில் காட்டுவார்கள். என்யுஎஸ் கணினி அறிவியலில் அண்மை ஆண்டுகளில் அந்த இடத்தில் நிற்பவரே மூன்று எச்2-விலும் ஏ வாங்கியவர். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையனின் கதையைக் கேட்காதீர்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) வழியாக வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2020 கல்வியாண்டிலிருந்து அவர்களின் சாதாரண நிலைத் (ஓ-லெவல்) தேர்ச்சியைச் சேர்க்கை மதிப்பெண்ணில் கூட்டுவதில்லை, டிப்ளமோவின் மதிப்பெண் சராசரியான ஜிபிஏ (உச்சம் 4) மட்டும்தான். ஆகவே பதினாறு வயதில் சறுக்கியது பின்னால் துரத்தாது. ஆனால் முதலாண்டில் சறுக்கினால் துரத்தும். ஜிபிஏ மூன்றாண்டுக்குமான சராசரி. "முதல் வருஷம் செட்டில் ஆகட்டும் சார்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். முதல் பருவத்தில் 2.5 வாங்கியவன் கடைசியில் 3.8-க்கு ஏற முடியுமா என்று அவனையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ளமோ தொடாத கணிதப் பகுதிகளும் உண்டு. ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை முடியும் தறுவாயில் அவற்றைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. தேசிய சேவைக்குப் போகும் முன்பே விண்ணப்பித்து இடத்தை உறுதிசெய்து கொள்ளலாம் என்பதையும் சிலர் கேள்விப்பட்டதே இல்லை!

தமிழ்நாட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்போடு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது. பெயரைப் பார்த்து, ஐடிக்கு இது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கணிதம் இல்லாத பிரிவென்றால் இங்கே அது பெரிய தடை. அப்புறம், நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் கல்விக் கட்டண மானியம் பெற்றால், படிப்பு முடிந்து மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

உயர்நிலை மூன்றில் பிள்ளை இருக்கும் பெற்றோரைத்தான் மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எச்2 கணிதப் பாடத்திட்டம், மாணவர் உயர்நிலைப்பள்ளியில் ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படித்துவிட்டு வருகிறார் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. மொத்தப் புள்ளிக்காக உயர்நிலை நான்கில் ஏ மேத்ஸைக் கைவிடும்போது, அந்தக் கதவும் பாதி சாத்தப்படுகிறது. கைவிட வேண்டிய நிலையும் சிலருக்கு வரும், தப்பில்லை. என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு கைவிடுங்கள். பள்ளியில் உங்களுக்காகவே ஓர் ஆலோசகர் இருக்கிறார், காசு கொடுக்க வேண்டியதில்லை.

"ஐடி" என்ற ஒற்றைச் சொல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எந்தப் படிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கணினி அறிவியல், தகவல் முறைமை, வணிகப் பகுப்பாய்வு, கணினிப் பொறியியல், தகவல் பாதுகாப்பு எல்லாம் தனித்தனி. தகுதியும் தனித்தனி. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு இருக்கின்றன. ஒன்றின் விதி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ("அவன் யாரோடும் பேச மாட்டான், அதான் கம்ப்யூட்டர் படிப்பு" என்பவர்களுக்கு: என்யுஎஸ் கணினி அறிவியலில் தொடர்புத்திறனும் கட்டாயப் பாடம்.) நேர்காணல் வழிச் சேர்க்கைக்குப் போவதென்றால், வகுப்புக்குப் போனதற்கான சான்றிதழ்க் கட்டு வேண்டாம். தானே செய்த ஒன்றை, ஏன் அப்படிச் செய்தான் என்று விளக்கத் தெரிந்தால் போதும்.

தகுதி இல்லை என்றதும் பலர் நேரே தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே நல்ல படிப்புகளும் உண்டு, கணிதம் குறைவாகக் கேட்கும் படிப்புகளும் உண்டு. ஆனால் அரசாங்கத்தில் பதிவு பெற்ற நிலையம் என்றால், அதன் பட்டத்துக்கு அரசாங்கம் தரச்சான்று தந்துவிட்டது என்று பொருள் இல்லை. கல்வி அமைச்சின் கட்டண மானியமும் அங்கே கிடையாது. கண்காட்சியில் இனிக்க இனிக்கப் பேசும் முகவரிடம், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, நிலையம் மூடப்பட்டால் கட்டணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது யோசிக்கிறீர்களா? ஒப்பந்தத்தை எடுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் விலகினால், அதில் குறித்திருக்கும் உச்ச விழுக்காட்டுத் தொகை திரும்பக் கிடைக்கும். தொலைபேசியில் சொல்வது பத்தாது, இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.